மூன்று கம்ப்யூட்டர், ஒரே ஒயர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "பேக்கப் எடுத்து வையுங்கள்" என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "எத்தனை காப்பி எடுக்கணும் சார்?" என்பதுதான். இரண்டு போதுமா, மூன்று வேண்டுமா என்று எண்ணிக்கையிலேயே எல்லோருக்கும் கவனம். நான் திருப்பிக் கேட்க விரும்புவது வேறு கேள்வி. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பிகள் எல்லாம் எதை நம்பி இருக்கின்றன?

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர் எதிலும் நடந்ததல்ல. பூமிக்கு மேலே 300 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில், சர்வதேச விண்வெளி நிலையத்தில், 2007 ஜூன் மாதம் நடந்தது.

அந்த ஜூன் மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். சுனிதா வில்லியம்ஸ் ஆறு மாதத்திற்கு மேல் விண்வெளி நிலையத்தில் தங்கிவிட்டு ஊர் திரும்பக் காத்திருந்தார். அவரை அழைத்துவர அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம் ஜூன் 8-ம் தேதி ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பியது. நம் பத்திரிகைகளும் டி.வி. சேனல்களும் சுனிதா எப்போது இறங்குவார் என்பதிலேயே கண்ணாக இருந்தன. இடையில் மேலே நடந்த கம்ப்யூட்டர் கோளாறு துணைச் செய்தியாகப் போய்விட்டது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு அதுதான் தலைப்புச் செய்தி!

அட்லாண்டிஸ் சுனிதாவுக்காக மட்டும் போகவில்லை. ஏழு பேரும், சுமார் 16 டன் எடையுள்ள ஒரு பெரிய உத்தரமும் அதில் போனார்கள். அந்த உத்தரத்தில் மடித்து வைக்கப்பட்ட சூரிய மின்தகடுகள் இருந்தன. விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 240 அடி. நிலையத்துக்குக் கூடுதல் கரன்ட் தருவதற்கான ஏற்பாடு இது. ஜூன் 10-ம் தேதி ஓடம் நிலையத்துடன் இணைந்தது. வீரர்கள் வெளியே போய் உத்தரத்தைப் பொருத்தினார்கள். தகடுகளை விரித்தார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜூன் 13-ம் தேதி, நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த கம்ப்யூட்டர்கள் படுக்க ஆரம்பித்தன.

ஓட்டுப் போடும் கம்ப்யூட்டர்கள்

எந்தக் கம்ப்யூட்டர்கள் என்று கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். விண்வெளி நிலையம் என்பது பல நாடுகள் தனித்தனியாகச் செய்த அறைகளை மேலே கொண்டுபோய் ஒன்றோடு ஒன்று கோத்து உருவானது. அதில் 'ஸ்வெஸ்டா' என்ற ரஷ்ய அறை 2000-ம் ஆண்டு ஜூலையில் மேலே போனது. அதன் மூளையாக இருந்த கம்ப்யூட்டர்கள் ஜெர்மனியில் தயாராகி, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மூலம் ரஷ்யாவுக்கு வந்தவை. மொத்தம் ஆறு. மூன்று மூன்றாக இரண்டு செட். ஒரு செட் நிலையத்துக்கான கட்டளைகளைக் கவனிக்கும். மற்றது நிலையம் எந்தத் திசையில் திரும்பி நிற்க வேண்டும் என்பதைக் கவனிக்கும்.

ஒரு வேலைக்கு மூன்று கம்ப்யூட்டர் எதற்கு? மூன்றும் ஒரே கணக்கைப் போடும். விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று மட்டும் வேறு விடை சொன்னால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். கிட்டத்தட்ட பஞ்சாயத்து மாதிரி. ஒதுக்கப்பட்டதை நிறுத்தி, சரிசெய்து, மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு போய்விட்டாலும் மிச்சமுள்ள ஒன்றை வைத்து நிலையத்தை ஓட்ட முடியும். இதைவிடப் பத்திரமான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஏழு வருடம் அது அப்படித்தான் ஓடியது.

இப்போது எல்லாம் சேர்ந்து நின்றன. ரீஸ்டார்ட் செய்தார்கள். (நம் வீட்டில் மட்டும்தான் அது முதல் வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள்.) வந்தது, போனது. மறுபடி செய்தார்கள். மறுபடியும் போனது. நடுவில் தீ எச்சரிக்கை மணி வேறு பொய்யாக அடித்தது.

இந்தக் கம்ப்யூட்டர்கள் இல்லாமல் என்ன நின்றுபோகும்? நிலையத்தைத் திருப்புவதற்கான ரஷ்ய உந்து எஞ்சின்கள் இவற்றின் சொல்லைத்தான் கேட்கும். தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜன் பிரிக்கும் கருவியும் இவை இல்லாமல் ஓடாது. அமெரிக்கப் பகுதியில் பெரிய சுழல் சக்கரங்கள் இருந்தன. அவை நிலையத்தை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டால் உந்து எஞ்சின்களின் உதவி வேண்டும். நிலையம் சரியான திசையில் நிற்காவிட்டால் தகடுகளுக்கு வெயில் சரியாகப் படாது. வெயில் இல்லையென்றால் கரன்ட் இல்லை. கரன்ட் இல்லையென்றால் மற்றது எல்லாம் வரிசையாக நிற்கும்.

அந்த நேரத்தில் அட்லாண்டிஸ் அங்கே நின்றது பெரிய புண்ணியம். ஓடத்தின் எஞ்சின்களை வைத்து நிலையத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் விருந்தாளி எத்தனை நாள் இருக்க முடியும்? ஓடத்துக்கு எரிபொருளும் ஆக்ஸிஜனும் அளவாகத்தான் உண்டு. இன்னும் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் ஆகட்டும் என்று ஓடத்திலிருந்த தேவையில்லாத சாதனங்களை அணைத்துக் கரன்டை மிச்சம் பிடித்தார்கள். ஓடம் கிளம்புவதற்குள் கம்ப்யூட்டர் சரியாகாவிட்டால் நிலையத்தைக் காலி செய்ய வேண்டிவருமா என்ற பேச்சும் எழுந்தது. உடனடி ஆபத்து இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். கையிருப்பில் ஆக்ஸிஜன் இருந்தது, தப்பிப்பதற்கு சோயுஸ் விண்கலம் இருந்தது. ஆனாலும் பல நாடுகள் சேர்ந்து பல வருடம் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு வரலாமா என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

நேற்று மாட்டியதுதான் காரணமா?

சந்தேகம் யார் மேல் போயிருக்கும்? புதிதாக மாட்டிய சூரியத் தகடுகள் மேல்தான்! நேற்று புது பிரின்டர் மாட்டினேன், இன்று சிஸ்டம் வரவில்லை, அப்படியென்றால் பிரின்டர்தான் காரணம். நாம் எல்லோரும் போடும் கணக்கு இது. மாஸ்கோவிலும் ஹூஸ்டனிலும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். புது உத்தரத்திலிருந்து வரும் மின்சாரத்தில் ஏதோ ஏற்ற இறக்கம், அது கம்ப்யூட்டர்களைக் கெடுக்கிறது என்று நினைத்து, அந்தப் பக்கத்திலிருந்து வரும் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தார்கள். பயனில்லை.

இப்படிச் சந்தேகப்பட்டது தவறில்லை என்பது என் கருத்து. கடைசியாக எதை மாற்றினோமோ அதை முதலில் பார்ப்பதுதான் முறை. ஆனால் அதைக் கழற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் அங்கேயே நின்று சண்டை போடக் கூடாது. அடுத்ததற்குப் போக வேண்டும். நம் ஊரில் பல சர்வீஸ்காரர்கள் இந்த இடத்தில்தான் "மதர்போர்டு போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்!

ஜூன் 15-ம் தேதி ரஷ்ய வீரர்கள் ஃபியோதர் யூர்சிகினும் ஒலெக் கோட்டோவும் வேறு வழியில் போனார்கள். கம்ப்யூட்டர்களுக்குப் போகும் மின்சாரத்தைக் கண்காணிக்க வழியில் ஒரு பெட்டி இருந்தது. மின்சாரம் சரியில்லையென்றால் கம்ப்யூட்டர்களுக்கு ஆபத்து வராமல் அணைத்துவிடுவது அதன் வேலை. அந்தப் பெட்டியின் பாதையைத் தாண்டி ஒரு கேபிளைக் குறுக்கே போட்டார்கள். இன்வெர்ட்டர் மக்கர் செய்யும்போது எலெக்ட்ரீஷியன் வந்து "பைபாஸ்" போடுவாரே, அதே வேலைதான். (அவர்கள் செய்தார்களே என்று நீங்கள் வீட்டில் ஃபியூஸையோ எர்த்தையோ தாண்டி ஒயர் போட்டுவிடாதீர்கள்.) ஆறில் நான்கு கம்ப்யூட்டர்கள் எழுந்து நின்றன. மீதி இரண்டும் பின்னர் வந்தன.

அதே நாளில் நிலையத்துக்கு வெளியே இன்னொரு ரிப்பேர் நடந்தது. அட்லாண்டிஸ் கிளம்பும்போதே அதன் பின்பக்கத்தில் வெப்பத்தைத் தாங்கும் போர்வையின் ஒரு மூலை பெயர்ந்துவிட்டிருந்தது. டேனி ஒலிவாஸ் என்ற வீரர் ஓடத்தின் இயந்திரக் கையின் நுனியில் நின்றுகொண்டு, மருத்துவப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்டேப்ளரால் அதைத் தைத்தார். காயத்தில் தையல் போடுவதற்காக வைத்திருந்த ஸ்டேப்ளர்! உள்ளே ஒட்டு ஒயர், வெளியே ஸ்டேப்ளர். உலகின் மிக விலையுயர்ந்த இயந்திரங்கள் அன்றைக்கு இப்படித்தான் பிழைத்தன.

கிளம்புவதற்கு முந்தைய நாள், ஜூன் 18-ம் தேதி, ஒரு காரியம் செய்தார்கள். அட்லாண்டிஸ் பக்கத்தில் நிற்கும்போதே, நிலையத்தைப் பிடிக்கும் பொறுப்பை ரஷ்யக் கம்ப்யூட்டர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. பிறகுதான் 19-ம் தேதி ஓடம் பிரிந்தது. 22-ம் தேதி சுனிதா கலிஃபோர்னியாவில் தரையிறங்கினார்.

உண்மையான குற்றவாளி

காரணம் தெரிந்தது அதற்குப் பிறகுதான். ஓடம் போனபின் அந்தக் கண்காணிப்புப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். கேபிள் செருகும் பின்கள் ஈரமாக இருந்தன, அரித்துப் போயிருந்தன. காற்றிலிருந்து ஈரத்தை அகற்றும் கருவி அருகில் இருந்தது. அது சீராக ஓடாததால் குளிர்ந்த பரப்பில் தண்ணீர் கோத்து, நாள்பட பின்களைத் தின்றுவிட்டது. ஈரத்தால் ஒரு ஒயரில் ஷார்ட் ஆனது. அது எந்த ஒயர் தெரியுமா? "நிறுத்து" என்ற கட்டளையைக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுபோகும் ஒயர். அந்தக் கட்டளை ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் போகவில்லை. ஒன்றுக்கொன்று துணை என்று வைத்திருந்த மூன்றுக்கும் ஒரே நேரத்தில் போனது.

மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் நல்ல கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கும் நோய் இல்லை. ஒன்றை ஒன்று கண்காணிக்க எல்லா ஏற்பாடும் இருந்தது. ஆனால் மூன்றையும் சேர்த்து அணைக்கக்கூடிய ஒரு இடம் இருந்தது. ஒரே கயிற்றில் தொங்கும் உறியில் மூன்று பானையை அடுக்கிவிட்டு, ஒரு பானை உடைந்தாலும் இரண்டு இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியது போலத்தான் இது. பானைகளை எண்ணினார்கள். கயிற்றை எண்ணவில்லை.

இது ரஷ்யர்களின் அலட்சியம் என்று அப்போது சிலர் பேசினார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2001 ஏப்ரலில் இதே நிலையத்தின் அமெரிக்கப் பகுதியிலும் இது போல ஒன்று நடந்தது. எண்டேவர் ஓடம் கனடா செய்த பெரிய இயந்திரக் கையையும், ஒரு சரக்கு அறை நிறையப் பொருட்களையும் கொண்டுபோயிருந்த நேரம். நிலையத்தை நிர்வகிக்கும் மூன்று முக்கியக் கம்ப்யூட்டர்களும் அடுத்தடுத்துப் படுத்தன. நிலையம் தரையோடு பேசுவதற்கே எண்டேவரின் ரேடியோ துணை தேவைப்பட்டது. சிக்கலின் மூலம் ஹார்ட் டிஸ்க்! ஆம், நம் வீட்டு சிஸ்டத்தில் சுற்றுகிறதே, அதே வகைதான். பிறகு அந்தக் கம்ப்யூட்டர்களில் சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலாத சிப் நினைவகத்தைப் பொருத்தினார்கள். இன்றைக்கு எஸ்.எஸ்.டி. போடுங்கள், வேகமாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார் அல்லவா? அவர்கள் வேகத்துக்காகப் போடவில்லை. மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே வகை டிஸ்க் இருந்தால் மூன்றுக்கும் ஒரே வியாதி வரும் என்பது புரிந்ததால் போட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் சல்யூத்-7. ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் தங்கியிருந்த அதே சோவியத் நிலையம். 1985 பிப்ரவரியில், ஆள் யாரும் இல்லாதபோது, அது ஊமையாகிவிட்டது. ஜூன் மாதம் விளாதிமிர் ஜானிபெகோவ், விக்டர் சவினிக் என்ற இரண்டு பேர் சோயுஸ் விண்கலத்தில் போய், வழிகாட்டும் சிக்னல் எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்தே இணைத்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. தண்ணீர் உறைந்து கிடந்தது. குளிருக்குத் தொப்பியும் கோட்டும் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். பேட்டரிகள் எல்லாம் காலி. காரணம், பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கும் ஒரு சென்சார். பேட்டரி நிறைந்துவிட்டது என்று அது பொய் சொன்னதால், சூரியத் தகடுகள் பேட்டரியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. பேட்டரிகள் நல்லவை, தகடுகள் நல்லவை, நடுவில் காவல் நின்றவன் தூங்கிவிட்டான். இவர்கள் கையால் ஒயர்களை இணைத்துத் தகடுகளைப் பேட்டரிகளுக்கு நேரடியாகக் கொடுத்தார்கள். வெயில் படும்படி சோயுஸை வைத்தே நிலையத்தைத் திருப்பினார்கள். சார்ஜ் ஏறியது, நிலையம் உயிர்பெற்றது. அந்த மாதமே சரக்கு விண்கலம் தண்ணீரும் எரிபொருளும் கொண்டுவந்து சேர்த்தது.

இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? 1985-ல் கெட்டதும் காவல் கருவி, 2007-ல் கெட்டதும் காவல் கருவி. பாதுகாப்புக்காக வைத்ததே எல்லாவற்றையும் படுக்க வைத்தது.

நம் மேஜைக்கு வருவோம்

"அது விண்வெளி சார், என் கம்ப்யூட்டரில் கல்யாண போட்டோதான் இருக்கிறது" என்று சொல்பவர்கள் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் மிகவும் கவனமானவர். கடைக் கணக்கை சி டிரைவில் வைத்திருந்தார். தினமும் இரவு அதை டி டிரைவுக்கு ஒரு காப்பி போடுவார். இன்னொரு காப்பி பென் டிரைவில். அந்தப் பென் டிரைவ் கம்ப்யூட்டரின் பின்னாலேயே எப்போதும் செருகியே இருக்கும். மூன்று காப்பி! ஒரு ஐப்பசி மழையில் இடி இறங்கியது. சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. பென் டிரைவும் அதே கரன்டில் போனது. யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற இரண்டு வருடக் கணக்கு போய்விட்டது. பாக்கி வைத்தவர்களில் பாதிப் பேர்தான் ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

அவர் செய்த எண்ணிக்கை சரி. மூன்றுக்கும் நடுவே இருந்த ஒரே ஒயரை அவர் பார்க்கவில்லை. நாஸாவும் பார்க்கவில்லை, ரஷ்யர்களும் பார்க்கவில்லை என்று சொன்னேன், கொஞ்சம் ஆறுதல் அடைந்தார்.

இன்றைக்கு இடி மின்னலைவிட நயமாக வரும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இப்போது புது லேப்டாப் வாங்கினால் போட்டோக்கள் தானாகவே இன்டர்நெட்டில் ஏறிவிடுகின்றன. போனிலும் அதே போட்டோ, லேப்டாப்பிலும் அதே போட்டோ, இன்டர்நெட்டிலும் அதே போட்டோ. மூன்று இடத்தில் இருக்கிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் குழந்தை போனில் ஒரு போட்டோவை அழித்தால் என்ன ஆகிறது? மூன்று இடத்திலும் அழிகிறது. குப்பைத் தொட்டியில் சில நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் எடுத்துவிடலாம். கவனிக்காவிட்டால் போனது போனதுதான். "நிறுத்து" என்ற கட்டளை மூன்று கம்ப்யூட்டருக்கும் போனது போலவே, "அழி" என்ற கட்டளை மூன்று காப்பிக்கும் போகிறது. இதற்கு சின்க் என்று பெயர். சின்க் நல்ல வசதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை பேக்கப் என்று நினைப்பதுதான் தப்பு.

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்களும் இப்படித்தான். லேப்டாப்போடு எப்போதும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிரைவையும் அவை சேர்த்துப் பூட்டிவிடும். வைரஸ் நம் வீட்டுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். 2008-ல் விண்வெளி நிலையத்தின் லேப்டாப்களிலேயே ஆன்லைன் கேம் பாஸ்வேர்டு திருடும் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பென் டிரைவ் போன்றவற்றில் தொற்றிக்கொண்டு பரவும் வகை அது. நல்லவேளையாக அந்த லேப்டாப்கள் நிலையத்தை ஓட்டும் கம்ப்யூட்டர்கள் அல்ல. இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். பாருங்கள், அங்கே ஒயர் தனியாக இருந்தது, பிழைத்தார்கள்.

அதனால்தான் காப்பி எத்தனை என்று நான் கேட்பதில்லை. ஒரு இடி, ஒரு திருடன், ஒரு தவறான கிளிக், ஒரு தண்ணீர்க் கசிவு, இவற்றில் ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். எது நடந்தாலும் ஒரு காப்பியாவது மிஞ்சுமா? மிஞ்சும் என்றால் இரண்டு காப்பியே தாராளம். மிஞ்சாது என்றால் ஐந்து இருந்தும் ஒன்றுதான்.

திறக்க முடிகிற பெட்டி

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மனிதர்களை மேலே அனுப்புவது வீண் செலவு, இயந்திரங்களே போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. சரக்கு கொண்டுபோவதைப் பொறுத்தவரை அது சரி. 2011-ல் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்ற பிறகு சாப்பாடும் தண்ணீரும் உதிரிப் பாகங்களும் ஆளில்லாத விண்கலங்களில்தான் பெரும்பாலும் போகின்றன. ரிப்பேர் விஷயத்தில் நான் இன்னமும் மனிதன் கட்சி. 2007-ல் இரண்டு பேர் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், தரையில் இருந்தபடி ரீஸ்டார்ட் கட்டளையை மட்டும்தான் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்க முடியும். அந்தக் கட்டளையைக் கேட்கும் நிலையில் கம்ப்யூட்டர்கள் இல்லை.

ஆனால் ஆள் இருந்தது மட்டும் போதுமா? பேனலைத் திறக்க முடிந்தது, கேபிளைக் கழற்ற முடிந்தது, குறுக்கே இன்னொன்றைப் போட முடிந்தது. எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டி மூடியிருந்தால் அந்த இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தியாவும் 2035-க்குள் சொந்தமாக ஒரு விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கும் என்பதைவிட, அவற்றுக்கு நடுவில் உள்ள பெட்டிகளை ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியுமா என்பதைத்தான் நான் கேட்பேன்.

லேப்டாப் வாங்கப் போகும்போதும் அதையே கேளுங்கள். இப்போது பல மாடல்களில் ரேமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பேட்டரியை ஒட்டிவிடுகிறார்கள். மெல்லியதாக இருக்கிறது என்று நாமும் மயங்கிவிடுகிறோம். பழைய டெஸ்க்டாப்பில் சிஸ்டம் "பீப் பீப்" என்று கத்தினால், ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி செருகுவோம், பல தடவை ஓடிவிடும். அதுவும் பின்களில் பிடித்த அழுக்கும் அரிப்பும்தான். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றினால் இந்தத் தொல்லை அதிகம் என்பது தெரிந்ததே. திறக்க முடிகிற பெட்டியில் இது பத்து நிமிட வேலை. திறக்க முடியாத பெட்டியில் புது மதர்போர்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் முக்கியமான ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் ஒயரைக் கழற்றுங்கள். கழற்றிய டிரைவை அதே மேஜை டிராயரில் போடாமல் வேறு இடத்தில் வையுங்கள். அக்கா வீடு, அலுவலக பீரோ, எதுவானாலும் சரி. அதற்கு முன்னால், அட்லாண்டிஸ் கிளம்பும் முன் சோதித்துப் பார்த்தார்களே, அதேபோல அந்த டிரைவை வேறு யாருடைய கம்ப்யூட்டரிலாவது செருகி, ஒரு போட்டோவையும் ஒரு கணக்கு ஃபைலையும் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அது தெரிந்துவிடும்.